கல்லூரி வாசலும் கபடிக் களமும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கொரோனாவால் மூடிக்கிடந்த கல்லூரிகள் 2021 செப்டம்பர் 1 முதல் சுழற்சி முறையில் திறக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்த நாளிலிருந்து, இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கின்றன. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். இது 2021 ஆகஸ்ட் இறுதியில் எழுதியது; இதிலுள்ள தேதிகளும் தடுப்பூசி விதிகளும் அப்போதைய நிலையைச் சொல்பவை.

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் பீடி சுற்றும் தொழிலாளி. என் மகள் பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிப்ரவரியில் சில வாரங்கள் போனதைத் தவிர முதல் ஆண்டு முழுவதும் செல்போனில்தான் படிப்பு. அந்தப் போனும் அவளுக்கும் தம்பிக்கும் பொது. வீட்டில் சர்க்கரை நோயுள்ள என் மாமியார் இருக்கிறார். மகளை அனுப்பலாமா? (ஒரு தாய், சுத்தமல்லி)

அனுப்புங்கள் அம்மா. நன்றாக யோசித்த பிறகே இதைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு போன் இருக்கும் வீட்டில், தம்பிக்கு வகுப்பு நடக்கும் நேரத்தில் அக்காவின் வகுப்பு போய்விடுகிறது. கடந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா கார்டு வழங்குவதாக அரசு அறிவித்தது நல்ல உதவிதான். ஆனால் கார்டைப் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு போன் வேண்டுமே. ஓராண்டு வீட்டோடு இருக்கும் பெண் பிள்ளையைப் பற்றி நம் ஊர்களில் வேறொரு பேச்சும் தொடங்கிவிடுகிறது. ‘நல்ல இடம் வந்திருக்கிறது, இந்த ஆவணியிலேயே முடித்துவிடலாம்’ என்று உறவினர்கள் வந்து நிற்கிறார்கள். அப்படிப் படிப்பு நின்றுபோன பிள்ளைகள் சிலரை இந்த ஒன்றரை ஆண்டில் நானே அறிவேன். அந்த இழப்பையும் கொரோனாவின் கணக்கிலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அது உங்கள் மகளைவிட உங்கள் மாமியாரைப் பற்றியது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்நோயைக் காய்ச்சலும் இருமலுமாகக் கடந்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் கிருமி, சர்க்கரை நோயுள்ள பாட்டியை என்ன செய்யும் என்பதுதான் என் கவலை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மார்ச் 1 முதலும், 45 வயதைக் கடந்தவர்களுக்கு ஏப்ரல் 1 முதலும், 18 வயதைக் கடந்தவர்களுக்கு மே 1 முதலும் தடுப்பூசி திறந்துவிடப்பட்டது. ஆகவே உங்கள் வீட்டில் மாமியார், நீங்கள், மகள் ஆகிய மூவருமே போட்டுக்கொள்ளலாம். பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஊசி தாங்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் போட வேண்டியவர் அவர்தான். பீடி இலையும் தூளும் மடியில் வைத்துச் சுற்றுகிற உங்களுக்கு நெஞ்சில் சளி தங்குவது வழக்கமாக இருக்குமானால், நீங்களும் தள்ளிப்போட வேண்டாம்.

நாள் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். கோவிஷீல்டு தடுப்பூசியின் இரண்டாம் தவணைக்கு இந்த 2021 ஆகஸ்டில் 84 நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். மகள் ஜூலை 10 அன்று முதல் ஊசி போட்டிருந்தால் இரண்டாவது அக்டோபர் 2 அன்றுதான் கிடைக்கும். அதன் முழுப் பலன் தெரிய மேலும் இரண்டு வாரம் ஆகும். டெல்டா வகைக் கிருமிக்கு எதிராக அந்த ஊசியின் ஒரு தவணை ஏறத்தாழ 30 விழுக்காடும், இரண்டு தவணைகள் 67 விழுக்காடும் காப்பதாக இங்கிலாந்தில் கண்டிருக்கிறார்கள். எனவே அக்டோபர் நடுப்பகுதி வரை, ‘ஒரு ஊசி போட்டாயிற்று’ என்ற தைரியத்தில் முகக்கவசத்தைக் கழற்றக்கூடாது.

பேருந்தில்தான் உண்மையான நெருக்கடி இருக்கும். மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காலை எட்டரை மணிக்கு அந்த வண்டிகளில் நிற்க இடம் இருப்பதில்லை. முடிந்தால் அதற்கு முந்தைய வண்டியில் ஏறச் சொல்லுங்கள். சன்னலை அடைக்க விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதியம் தோழிகள் நான்கைந்து பேர் சோற்றுப் பாத்திரங்களை நடுவில் வைத்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது கல்லூரி வாழ்வின் பெரிய மகிழ்ச்சி. அதை மரத்தடிக்கு மாற்றிக்கொண்டால் போதும், விட்டுவிட வேண்டியதில்லை.

கேள்வி: வகுப்பைப் பற்றி எனக்குப் பயமில்லை, விடுதியைப் பற்றித்தான் பயம். என் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுதிக் கட்டணத்தை இப்போதே கட்டச் சொல்கிறார்கள். கல்லூரியில் நான் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்? (ஒரு தந்தை, வள்ளியூர்)

சரியான இடத்தில் பயப்படுகிறீர்கள். வகுப்பறையில் பிள்ளைகள் முகக்கவசத்தோடு ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்; ஆசிரியர் ஒருவர்தான் பேசுகிறார். விடுதியில் அதே பிள்ளைகள் கவசமில்லாமல் தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், நள்ளிரவு வரை பேசுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கடந்த டிசம்பரில் நடந்தது நினைவிருக்கும். மிகக் குறைந்த மாணவர்களே விடுதிகளில் தங்கியிருந்தும், நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டு, டிசம்பர் 14 அன்று வளாகத்தையே முடக்க நேர்ந்தது. அங்கே எல்லோரும் வந்து போன ஒரே உணவுக்கூடத்தின் மீதுதான் அப்போது எல்லோருடைய பார்வையும் விழுந்தது.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில், நம் பக்கத்துக் கல்லூரி விடுதி ஒன்றைப் பார்த்துக் கருத்துச் சொல்லுமாறு என்னை அழைத்திருந்தார்கள். வாசலில் கிருமிநாசினிக் குப்பி, வெப்பமானி, வருகைப் பதிவேடு எல்லாம் முறையாக இருந்தன. மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். ஈ வருகிறது என்று சன்னல்களுக்கு வலையடித்திருந்தார்கள். வலை கிழிந்த இடங்களில் அட்டையை வைத்து ஆணியடித்திருந்தார்கள். சோற்று ஆவி மேலே போக வழியில்லாமல் உள்ளே நுழைந்ததும் என் மூக்குக் கண்ணாடியை மூடியது. அந்த ஆவி வெளியேறாத அறையில் பிள்ளைகளின் மூச்சு எங்கே வெளியேறும்? மாடியில் ஒரு மாணவன் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தான். தொட்டுப் பார்த்தால் நெருப்பாகக் கொதிக்கிறது. மூன்று நாளாகக் காய்ச்சலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘சொன்னா உடனே ஊருக்குப் போகச் சொல்லிருவாங்க சார். திங்கக்கிழமை பிராக்டிக்கல் இருக்கு’ என்றான்.

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் என்று சொன்ன பிள்ளையை இரவோடு இரவாகப் பேருந்து ஏற்றி அனுப்பும் வழக்கம்தான் தவறு. அவன் பேருந்தில் ஐம்பது பேரோடு போவான், ஊரில் இறங்கித் தாத்தா பாட்டியோடு இருப்பான். விடுதியிலேயே தங்கியிருக்கும் மற்றவர்களோ நோயை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

ஆகவே கல்லூரியில் இவற்றைக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் தங்கவைக்கத் தனியாகக் குளியலறையுடன் அறைகள் ஒதுக்கியிருக்கிறார்களா, எத்தனை? அங்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது யார்? விட்டுப்போன செய்முறைத் தேர்வை மறுபடி எழுத விடுவார்களா? உணவு எத்தனை பந்தியாகப் போடப்படுகிறது, பார்சல் வாங்கி அறையிலோ வெளியிலோ சாப்பிட அனுமதி உண்டா? சமையற்காரர், துப்புரவுப் பணியாளர், காவலாளி உட்பட எல்லோரும் தடுப்பூசி போட்டுவிட்டார்களா? ஐந்து பேரின் மாதிரியை ஒன்றாகச் சேர்த்து ஒரே பரிசோதனையாகச் செய்யும் முறையை, தொற்று குறைவாக உள்ள இடங்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரலிலேயே அனுமதித்துவிட்டது. விடுதி திரும்பும் நாளில் அதைச் செய்தால் செலவும் குறைவு. இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்த கல்லூரியானால் கட்டணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: கல்லூரி வாசலில் காய்ச்சல் பார்ப்பதும் கிருமிநாசினி தெளிப்பதும் போதுமா? (ஒரு வாசகர், பேட்டை)

போதாது. அறிகுறி தோன்றுவதற்கு முன்பே இந்நோய் பரவும் என்பதால் வெப்பமானி பலரை விட்டுவிடும். ஆட்கள் மீது மருந்து தெளிப்பது தீங்கு என்று மத்திய சுகாதார அமைச்சகம் சென்ற ஆண்டே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் சன்னல்களைப் பழுது பார்க்கலாம். பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிக் கட்டடங்களில் உயர்ந்த கூரையும் எதிரெதிர்ச் சன்னல்களும் இருக்கின்றன. இந்த ஆவணிக் காற்றுக்கு அவற்றைத் திறந்து வைத்தாலே போதும். ஐப்பசி மழையில் சாரல் அடிக்கிறது என்று எல்லாவற்றையும் அடைப்பார்களே, அப்போதுதான் கவனம் வேண்டும். குளிர்சாதனக் கருத்தரங்கக் கூடங்களை இந்த ஆண்டு பூட்டியே வைப்பது நல்லது.

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநர். மைதானத்தைத் திறந்தால் பொறுப்பில்லாதவன் என்கிறார்கள். பூட்டினால் பிள்ளைகள் குளத்தங்கரையிலும் கோயில் திடலிலும் கூட்டமாக விளையாடுகிறார்கள். எந்த விளையாட்டை முதலில் தொடங்கலாம்? குறிப்பாக, கபடியை என்ன செய்வது? (பாளையங்கோட்டை)

மைதானத்தைத் திறந்துவிடுங்கள். போட்டிகளைத் தள்ளி வையுங்கள். இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் உங்களைப் போன்றவர்கள் இரு பக்கமும் ஏச்சு வாங்குகிறீர்கள்.

திறந்த வெளியில் காற்றோட்டம் இருக்கிறது. கண்காணிக்க நீங்களும் இருக்கிறீர்கள். குளத்தங்கரையில் முதலாவது மட்டும்தான் உண்டு. ஓட்டம், தாண்டுதல், எறிதல் போன்ற தடகளப் பயிற்சிகளையும், தனியாகச் சுற்றும் சிலம்பத்தையும் முதல் நாளே தொடங்கலாம். அடுத்து வாலிபால். இளவயதில் வாலிபால் ஆடியவன் என்பதால் அதன்மேல் எனக்குச் சாய்வு உண்டு. ஆனாலும் நியாயத்தோடுதான் சொல்கிறேன். நடுவில் வலை நிற்கிறது, இரு பக்கமும் ஒன்பது மீட்டர் இடம் இருக்கிறது, எதிரணியின் மேல் யாரும் விழுவதில்லை. பந்தைத் தொடுவதால் வரும் ஆபத்து மிகச் சிறியது என்று இப்போது தெளிவாகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டால் போதும். ஹாக்கியும் கால்பந்தும் அதற்கடுத்தவை. உள்ளரங்கில் ஆடும் எதையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கபடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சீமையில் ஊருக்கொரு செட், அதாவது கபடி அணி, இருக்கிறது. கோயில் கொடை விழாவென்றால் இரவு முழுவதும் ஆட்டம் நடக்கும். அந்த ஆட்டத்தின் விதியை ஒரு மருத்துவனாக எண்ணிப் பாருங்கள். பாடிப் போகிறவன் ‘கபடி, கபடி’ என்று நடுவர் காதில் விழுமளவுக்குச் சத்தமாக, 30 விநாடி வரை, ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே ஏழு பேர் கைகோத்து நிற்கிறார்கள். பிடிபட்டால் அவன் மேல் நான்கைந்து பேர் விழுகிறார்கள்; அவன் முகம் ஒருவன் தோளில் அழுந்திக் கிடக்க, எல்லோருக்கும் மூச்சு இரைக்கிறது. உரத்த குரலும் வேகமான மூச்சும் நெருங்கிய உடலும் இப்படி ஒன்றாகச் சேர்வது வேறு ஆட்டங்களில் அரிது. முகக்கவசம் போட்டுக்கொண்டு கபடி ஆடு என்று சொல்வதும் நடக்கிற காரியமில்லை.

அதற்காகக் கபடிப் பிள்ளைகளைக் களத்துக்கு வெளியே நிறுத்தாதீர்கள். கால்வைப்பு, எதிரணிப் பக்கத்திலுள்ள போனஸ் கோட்டை எட்டித் தொடுவது, திரும்பி ஓடுவது, மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் கணுக்கால் பிடி பழகுவது எல்லாம் எதிராளி இல்லாமலே செய்யலாம். பாடாமலே பயிற்சி செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரித்து, அந்த நால்வர் மட்டுமே எப்போதும் சேர்ந்து பழகும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் நால்வர்தான் வீட்டிலிருப்பார்கள், செட் முழுவதும் முடங்காது. ஒரு குழுவில் எல்லோரும் இரண்டாம் தவணை போட்டு இரண்டு வாரம் கடந்த பிறகு பிடிக்க விடலாம். முதலாண்டில் சேரும் பதினேழு வயதுப் பையன்களுக்கு இன்னும் ஊசி கிடைக்கவில்லை. 12 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஸைகோவ்-டி ஊசிக்கு ஆகஸ்ட் 20 அன்றுதான் அனுமதி கிடைத்திருக்கிறது. அது கைக்கு வரும்வரை அவர்களைத் தனிப் பயிற்சியிலேயே வைத்திருங்கள்.

போட்டிகளை ஏன் தள்ளச் சொல்கிறேன் என்றால், ஆடும் நாற்பது நிமிடத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் உள்ள மணி நேரங்களே ஆபத்தானவை. பன்னிரண்டு பேர் ஒரு வேனில் நெருக்கியடித்துக்கொண்டு நாகர்கோவில் வரை போவார்கள். இரவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்து வரிசையாகப் படுப்பார்கள். ஒரே தண்ணீர்ப் பாட்டில் கைமாறும். அமெரிக்கக் கால்பந்தின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) தொழில்முறை அணிகளில் சென்ற ஆண்டு தொற்று பரவிய வழிகளை ஆராய்ந்தவர்களும் களத்தைவிட உணவு மேசையையும் வாகனத்தையும்தான் காட்டினார்கள். டோக்கியோவில் இந்த வாரம் நடந்ததைப் பாருங்கள். பாராலிம்பிக் தொடக்க விழாவில் நம் நாட்டுக் கொடியை ஏந்த வேண்டிய மாரியப்பன் தங்கவேலு, விமானத்தில் உடன் வந்த ஒருவருக்குத் தொற்று இருந்ததால் அணிவகுப்பில் கலந்துகொள்ள முடியவில்லை. அவ்வளவு கட்டுப்பாடுள்ள இடத்திலேயே பயணம் இப்படிச் செய்துவிடுகிறது என்றால், நம் வேன் பயணங்களுக்கு டிசம்பர் வரையாவது பொறுக்கலாம். அதுவரை கல்லூரிக்குள்ளேயே துறைகளுக்கிடையே ஆட்டம் வையுங்கள். பார்வையாளர் வேண்டாம்.

கேள்வி: நான் கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறேன். மே மாதம் கொரோனா வந்து வீட்டிலேயே குணமாகிவிட்டது. இப்போதும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கல்லூரி திறந்ததும் பயிற்சிக்குப் போகலாமா? நண்பர்கள் ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். (ஒரு மாணவர், ஆலங்குளம்)

தம்பி, நண்பர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் மாடி ஏற மூச்சு வாங்குகிறது என்றால், களத்தில் இறங்குவதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே நெஞ்சு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் இதயத்தின் எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தக் கிருமி சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்குகிறது. அதோடு கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். அமெரிக்காவில் பிக் டென் என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில், கொரோனா வந்து தேறிய 1,597 வீரர்களுக்கு எம்.ஆர்.ஐ. உட்பட இதயப் பரிசோதனைகள் செய்து பார்த்ததில், 37 பேருக்கு, அதாவது 2.3 விழுக்காட்டினருக்கு அந்த அழற்சி இருந்தது. அவர்களில் 9 பேருக்குத்தான் நெஞ்சுவலி போன்ற அறிகுறிகள் வெளியே தெரிந்தன. நூற்றுக்கு இரண்டு என்பது பயந்து நடுங்க வேண்டிய எண்ணும் அல்ல, அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணும் அல்ல. அழற்சி இருப்பது உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சி கூடாது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் படிப்படியாகத் தொடங்கலாம். முதல் இரண்டு நாள் கால் மணி நேரம் வேக நடையும் மெதுவோட்டமும் மட்டும். பிறகு ஒருநாள் அரை மணி, ஒருநாள் முக்கால் மணி, அடுத்த இரண்டு நாள் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகே வழக்கமான பயிற்சி. ஓடி நின்றதும் பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு நாடியை எண்ணு. உன் வயதுக்கு முதல் இரண்டு நாளில் அது 35-ஐத் தாண்டக்கூடாது. நெஞ்சில் வலி, படபடப்பு, கண் இருட்டுதல் எது வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு உங்கள் பி.டி. சாரிடம் சொல். இடத்தை வேறொருவன் பிடித்துக்கொள்வானே என்று மறைக்காதே. உங்கள் சாரும் இந்தப் பக்கத்தைப் படிப்பாரானால் அவருக்கும் ஒரு வேண்டுகோள்: தேறி வரும் பிள்ளையின் இடத்தை அவனுக்காக வைத்திருங்கள்.

கேள்வி: எல்லோரும் தடுப்பூசி போட்டு முடிக்கும்வரை கல்லூரிகளை மூடியே வைத்தால் என்ன? அமெரிக்காவில் அவசரப்பட்டுத் திறந்து பட்டார்கள் அல்லவா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், பெருமாள்புரம்)

பட்டார்கள் என்பது உண்மை. வடக்குக் கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகம் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்தது. ஒரே வாரத்தில், பரிசோதித்தவர்களில் தொற்று உறுதியானவர்கள் 2.8 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காட்டுக்கு ஏறியதால், இளங்கலை வகுப்புகளை மீண்டும் இணையத்துக்கே மாற்றினார்கள். பிக் டென் கூட்டமைப்பு ஆகஸ்ட் 11 அன்று கால்பந்துப் பருவத்தைத் தள்ளிவைத்து, செப்டம்பர் 16 அன்று முடிவை மாற்றிக்கொண்டு, அன்றாடப் பரிசோதனையோடு ஆடத் தொடங்கியது. அங்கே கல்லூரிக் கால்பந்து பெரும்பணம் புரளும் தொழில். அந்த அழுத்தம் நம் கல்லூரிகளுக்கு இல்லை என்பதை நமக்குக் கிடைத்த நன்மையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஐயா, அப்போது அவர்களிடம் தடுப்பூசி இல்லை. நம்மிடம் இப்போது இருக்கிறது. காத்திருக்கலாம் என்று நீங்களும் நானும் சொல்வது எளிது. நம் படிப்பு முடிந்துவிட்டது. இணைய வகுப்பில் ஒட்டிக்கொள்ள முடியாமல் கட்டட வேலைக்கும் செல்போன் கடைக்கும் போய்விட்ட பையன்கள், ஆறு மாதம் கழித்துக் கல்லூரி திறந்தால் திரும்பி வருவார்களா என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஆகஸ்டில் கேரளத்தில் இன்னும் தொற்று அதிகமாக இருக்கிறது. செங்கோட்டை வழியாக அன்றாடம் போக்குவரத்து இருப்பதால் தென்காசிப் பக்கத்துக் கல்லூரிகள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். எண்ணிக்கை ஏறினால் மறுபடி மூடவும் தயங்கக்கூடாது.

கேள்வி: எனக்கு 24 வயது. முதுகலை இறுதியாண்டு, ஹாக்கி ஆடுகிறேன். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் 25 வயதுக்கு மேல் ஆட முடியாது. இரண்டு ஆண்டு போட்டி இல்லாமல் போய்விட்டது. சான்றிதழ் இல்லாமல் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பேன்? (ஒரு மாணவர், பாளையங்கோட்டை)

இதற்கு என்னிடம் மருந்து இல்லை தம்பி. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2020 பிப்ரவரி, மார்ச்சில் புவனேஸ்வரத்தில் முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் நடந்தன. அடுத்தது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. போட்டிகளைப் பொறுத்திருந்து நடத்துங்கள் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்கள் உன் கணக்கையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நீ கேட்கக்கூடியது ஒன்று உண்டு. வயது வரம்பை ஓராண்டோ இரண்டாண்டோ தளர்த்தும்படி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்துக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எழுத வேண்டும். அப்படி எழுதும்படி, நான்கு மாவட்டக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் சேர்ந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். மேலே கேள்வி கேட்டிருக்கும் இயக்குநரும் உன் ஊரில்தான் இருக்கிறார். உன் பிறந்த தேதி, ஆடிய ஆண்டுகள், தவறிப்போன போட்டிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உன்னைப் போன்ற மற்ற வீரர்களிடமும் அப்படியே வாங்கிச் சேர்த்து, உங்கள் கல்லூரி இயக்குநரிடம் செப்டம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடு. ஒரு படியை எனக்கும் அனுப்பு. அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.